பசங்களுக்கு மரம் பழக்க ஒரு சின்ன ஐடியா

நம்ம வீட்டு வாண்டுங்களுக்கு எந்த மரத்த பாத்தாலும் வெறும் "மரம்"தான், அதனால போன ஞாயித்துக்கிழமை ஒரு அரச இலையும் ஒரு பூவரசு இலையும் பொறுக்கிட்டு வந்து, நரம்பு இருக்குற பக்கம் மேல தெரியுற மாதிரி வச்சு, மேல வெள்ள பேப்பர போட்டு, கிரேயான படுக்க வச்சு தேய்க்க சொன்னேன். ரெண்டும் இதய ஷேப்தான், ஆனா அரச இலைக்கு மட்டும் நுனியில நீளமா வால், அத பசங்களே கண்டுபிடிச்சுட்டாங்க!

பூவரசம்பூ கிடைச்சா காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ காட்டுங்க, மஞ்சளா இருந்தது செவந்து போயிருக்கும். மிச்ச இலைய சுருட்டி பீப்பீ ஊதினாங்க பாருங்க, எனக்கு தலவலியே வந்துருச்சு.

ஆடி மாச வாக்குல வேப்பம்பழம் உதிரும்ல, சதைய கழுவிட்டு ஒரு வாரத்துக்குள்ளயே தயிர் டப்பா மண்ணுல ஊனிடுங்க, டப்பா அடியில ஓட்ட முக்கியம். வேப்பங்கொட்டைய ஒரு மாசம் எடுத்து வச்சுட்டு போட்டா பெரும்பாலும் முளைக்காது, நான் போட்டு ஏமாந்தேன். ஃப்ரெஷ்ஷா போட்டா ரெண்டு மூணு வாரத்துல எட்டிப்பாக்கும்.