செயின் துள்ளுதா? செயினை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள்

சைக்கிளில் போய்ச் சந்தியில் பிறேக் பிடித்து நின்றுவிட்டுத் திரும்ப வெளிக்கிடும்போது, அல்லது கரியரில் ஆளை ஏற்றிக்கொண்டு எழும்பி நின்று உழக்கும்போது, செயின் "டக்" என்று பல்லைத் தாண்டிப் பாயும். கால் வெறுமையாகக் கீழே போகும். யாழ்ப்பாணம் தட்டையான ஊர் என்பதால் இந்த வருத்தம் கனநாள் வெளியில் தெரியாது. ஏற்றம் கிடையாது, சும்மா ஓடும்போது செயினில் பெரிய இழுவையும் இல்லை. தீவுப்பக்கம் போகக் கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் மாட்டும்போதுதான் துள்ளத் தொடங்கும். உடனே கடைக்குப் போய், "அண்ணை, புதுச் செயின் ஒண்டு போட்டு விடுங்கோ" என்கிறோம். பெரிய பிழையே அதுதான்.

செயின் பழசாகும்போது அதன் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோர்த்திருக்கும் சின்ன ஆணிகளும், அவை அசைகிற துளைகளும்தான் தேய்கின்றன. புதுச் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். தேயத் தேய இந்த இடைவெளி கூடும், கூடிய இடைவெளி பிறீவீலின் (பின் சில்லில் செயின் ஓடுகிற பல்லுச் சக்கரத்தின்) பல்லையும் தனக்கேற்றபடி அரித்துக்கொண்டே போகும். இரண்டும் சேர்ந்து தேய்ந்தவரை ஓரளவுக்குச் சத்தமில்லாமல் ஓடும், நாங்களும் நல்ல சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு ஓடுவோம். அந்தப் பிறீவீலில் புதுச் செயினைப் போட்டால் என்ன நடக்கும்? செயினின் அளவு சரி, பல்லின் அளவு பிழை. அழுத்தி உழக்கும்போது செயின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காராமல் பல்லின் மேலேறிப் பாயும். பழைய செயினை விடப் புதுச் செயின் மோசமாகத் துள்ளுவது இதனால்தான். செயின் போலி என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறவர்கள் முதலில் பிறீவீலைக் குனிந்து பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பிள்ளையின் அடிமட்டம் போதும். பெடலைக் கொஞ்சம் அழுத்திச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடும் இன்னொரு ஆணியின் நடுவில் வந்து நிற்கும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீற்றர் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம், அந்தக் கட்டத்தில் மாற்றினால் பிறீவீல் பெரும்பாலும் தப்பிவிடும். மூன்று மில்லிமீற்றர் தாண்டியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றக் காசு வைத்துக்கொண்டு போங்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அடுத்த மாதம் பார்ப்போம் என்றால், பழைய பிறீவீல் புதுச் செயினையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முன்னால் பெடலோடு சுற்றுகிற பெரிய பல்லுச் சக்கரமான செயின் வீலின் கதை வேறு. பிறீவீலில் 18 பல்லு என்றால் செயின் வீலில் 44 பல்லு இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் வேலை குறைவு, ஆகவே அது நின்று உழைக்கும். பிறீவீல் போனதென்றால் செயின் வீலும் போயிருக்க வேண்டும் என்று முழு செற்றையும் தலையில் கட்ட யாராவது பார்த்தால், புதுச் செயினைப் போட்டபின் செயின் வீலின் முன்பக்கத்தில் அதை விரலால் இழுத்துப் பாருங்கள். அசையாமல் ஒட்டி நின்றால் அது நல்லாகத்தான் இருக்கிறது. பாதிப் பல்லு வெளியே தெரிகிற அளவுக்கு விலகி வந்தால், அல்லது பல்லுகள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அடுத்த பிழை எங்கள் ஊரில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது: துள்ளுகிறதா, ஒரு கண்ணியைக் கழற்றிவிடு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியது, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது, புதுச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்போது கண்ணியைக் கழற்றி ஓடினார்கள் என்றால் வேறு வழி இருக்கவில்லை. இப்போது அதற்கு அவசியமில்லை. 112 கண்ணியுள்ள செயின் புதிதில் 142 சென்ரிமீற்றர் வரும், நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்தால் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவில் நீளும். கண்ணியைக் கழற்றினால் தொய்வு போகும், செயின் கழன்று விழுவது நிற்கும், ஆனால் மிச்சக் கண்ணிகள் ஒவ்வொன்றிலும் கூடிய இடைவெளி அப்படியே இருக்கும். தொய்வை எடுப்பதற்குப் பின் சில்லைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்கினாலே போதும்.

அப்புறம், துள்ளுவதெல்லாம் தேய்மானமும் இல்லை. பெடல் முன்னுக்கு வெறுமையாகச் சுற்றுகிறது, செயின் மட்டும் பல்லை விட்டு எழும்பவில்லை என்றால் பிறீவீலின் உள்ளே பிடிக்கிற சின்ன நாக்குகள் பிடிக்காமல் விடுகின்றன, அதற்குச் செயின் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. ஏறக்குறைய இரண்டரைப் பெடல் சுற்றுக்கு ஒருமுறை ஒழுங்காகத் தட்டினால், ஒரு கண்ணி கறல் பிடித்து மடங்காமல் நிற்கிறது. பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு பிறீவீலைப் பார்த்தால் அது நிமிர்ந்து வருவது தெரியும், ஒயில் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கால் "டொக்" என்றால் கிராங்கின் கொட்டர் பின்னை, அதாவது பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற ஆணியைப் பாருங்கள்.

செயின் வாங்கும்போது அகலத்தையும் சொல்லிக் கேளுங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு 1/8 அங்குலச் செயின், பின்னால் ஆறு, ஏழு, எட்டுப் பல்லுத்தட்டு உள்ள கியர் சைக்கிளுக்கு 3/32. ஒடுங்கிய செயின் தடித்த பல்லில் இறங்காது. ஒன்பது, பத்துத் தட்டுக்காரருக்கு அந்தந்த எண்ணிக்கைக்கென்று செய்த செயின்தான் வேண்டும். நீளத்தைப் பழைய செயினோடு சேர்த்துத் தொங்கவிட்டு அளக்காதீர்கள், பழையது நீண்டு போயிருக்கிறது. கண்ணிகளை எண்ணுங்கள்.

பிறீவீலைக் கழற்றுவது இன்னொரு கூத்து. நாங்கள் உழக்குகிற ஒவ்வொரு தடவையும் அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதால் கல்லுப் போல இருக்கும். உளியும் சுத்தியலும் கொண்டு தட்டினால் கழற்றும் கருவி பிடிக்கிற வெட்டுகள் உடைந்துவிடும். கருவியை வைஸில் (மேசையில் பூட்டிய இறுக்கியில்) பிடித்து, சில்லை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். புதியதைப் பூட்டும் முன் மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசி, முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகவேண்டும், கோணலாக ஏறினால் அலுமினிய ஹப்பின், அதாவது சில்லின் நடுக்குடத்தின், மரை நாசம். சில்லுக் கம்பி மாற்றுகிற எண்ணம் இருந்தால், பிறீவீலைக் கழற்றாமல் கம்பிகளை வெட்டவே கூடாது, பிறகு பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது.

செயினைப் பூட்டுகிற கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எங்காவது பட்டுக் கழன்று போகும். விறைப்பைப் பார்ப்பதற்கு முன் பெடலை முழுச்சுற்றுச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள், அந்த இடத்தில் நடுச்செயின் மேலும் கீழுமாக ஒரு சென்ரிமீற்றர் அசைய வேண்டும். வேறு இடத்தில் வைத்து இறுக்கினால் ஓடும்போது கரகரக்கும்.

ஒயில் விஷயத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். கிறீஸை வெளியில் அப்புவதும் வேண்டாம், கோப்பாய்ச் செம்மண்ணும் வடமராட்சி கிழக்கு மணலும் அதில் ஒட்டினால் அரம் போட்டு ராவின கணக்குத்தான். மெல்லிய ஒயிலைக் கண்ணிக்கு ஒரு துளி விட்டு, வெளியில் நிற்பதைப் பழந்துணியால் துடைத்துவிடுங்கள். தீவுப்பக்கம் உப்புக்காற்றில் ஓடுகிறவர்களும், மாரி வெள்ளத்துக்குள் ஓடுகிறவர்களும் அடிக்கடி செய்ய வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே காசு கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஏறி, பின் பிறேக்கை அரைவாசி பிடித்தபடி, எழும்பி நின்று நாலு தரம் அழுத்தி உழக்கிப் பாருங்கள். துள்ளினால் சைக்கிள் இன்னும் கடையடியில்தான் நிற்கிறது, மாற்றாமல் விட்ட மற்றச் சாமானையும் அங்கேயே பார்க்கலாம்.