கட்டளை வரி நிரலில் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளை வரிசை குலையாமல் காட்டுவது எப்படி?

கோப்புப் பெயர்களையும் அவற்றின் அளவுகளையும் அட்டவணையாக அச்சிடும் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள். ஆங்கிலப் பெயர்கள் இருக்கும்வரை ஒழுங்காக நிற்கும் எண்கள், ஒரு ஜப்பானியப் பெயர் வந்த வரியில் மட்டும் வலப்பக்கம் தள்ளிப்போகின்றன. நிரலைத் திருத்தத் தொடங்குமுன், திரையில் தெரிவது எவ்வகைக் குறை என்று பார்க்க வேண்டும். பொருளற்ற குறிகளின் குவியலாகத் தெரிந்தால் அது குறியாக்கப் பிழை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையில் நேர்ந்த பிழை. ஜப்பானியர் அதை 'மொஜிபாகே' என்பர். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துருதான் குறை. நோட்டோ சான்ஸ் மோனோ சிஜேகே போன்ற ஒன்றை நிறுவுங்கள், நிரலில் கைவைக்க வேண்டாம். எழுத்துகள் செம்மையாகத் தெரிந்தும் வரிசை மட்டும் குலைந்தால், பிழை அகலக் கணக்கில் இருக்கிறது.

குறியாக்கத்தை முதலில் சரிசெய்துவிடுவது நல்லது. லினக்ஸில் 'லொக்கேல்' கட்டளையை இயக்கினால், யூனிக்கோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 என்று வர வேண்டும். சி மொழியில் எழுதுவோர், நிரலின் தொடக்கத்திலேயே 'செட்லொக்கேல்' செயற்கூற்றை வெற்றுச் சரத்துடன் அழைக்க வேண்டும். இல்லையேல் கணினியின் அமைப்பு சரியாக இருந்தாலும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது. ஜப்பானிய விண்டோஸின் கட்டளைச் சாளரம் வழக்கமாக 932 என்ற குறிப்பக்கத்திலும் (எண்ணிட்ட குறியாக்க அட்டவணை), கொரிய விண்டோஸில் அது 949இலும் இயங்கும். 'சிஎச்சிபி 65001' என்ற கட்டளை அதை யுடிஎஃப்-8க்கு மாற்றும். ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியாக்கத்தில் உள்ள கோப்புகளைப் படிக்கும் இடத்திலேயே யூனிக்கோடாக மாற்றிவிடுங்கள். அக்குறியாக்கத்தில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட், பின்சாய்வுக்கோட்டின் மதிப்பையே கொண்டிருப்பதால் பைட் பைட்டாக அலசும் நிரல் ஏமாந்துவிடும். அட்டவணை என்று பொருள்படும் கான்ஜி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) எழுத்தே அவற்றுள் ஒன்று.

இனி அகலம். 'நிஹோங்கோ' என்ற சொல்லை மூன்று கான்ஜி எழுத்துகளால் எழுதுவர். அது யுடிஎஃப்-8இல் 9 பைட்டுகள், யூனிக்கோடில் 3 குறிப்புள்ளிகள் (ஒவ்வொரு குறிக்கும் யூனிக்கோடு தரும் எண்), திரையிலோ 6 நெடுவரிசைகள் (ஓர் ஆங்கில எழுத்து பிடிக்கும் இடம் ஒரு நெடுவரிசை). பத்து நெடுவரிசை இடத்தில் அதை இடப்பக்கம் ஒட்டி அச்சிட்டால், பைத்தான் குறிப்புள்ளிகளை எண்ணி 7 இடைவெளிகளைச் சேர்க்கும். எண்கள் 3 நெடுவரிசை வலப்பக்கம் நகரும். சி மொழியின் 'பிரிண்ட்எஃப்' பைட்டுகளை எண்ணி ஓர் இடைவெளியை மட்டுமே சேர்ப்பதால், அவை 3 நெடுவரிசை இடப்பக்கம் நகரும். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகளை எண்ணும் நமக்கு, யூனிக்கோடில் அது 5 குறிப்புள்ளிகள் என்பதை நினைவில் கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

ஆகவே இடைவெளியை நிரப்பும் வேலையை மொழியின் வடிவமைப்புக் குறிகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்: சரத்தின் நெடுவரிசைகளை எண்ணி, வேண்டிய அகலத்திலிருந்து கழித்து, மீதியை இடைவெளிகளாகச் சேருங்கள். இப்படி எண்ணுவதற்குப் பைத்தானில் 'டபிள்யூசிவிட்த்' என்ற தொகுப்பு உண்டு. சி மொழியில் 'டபிள்யூசிஎஸ்விட்த்' உண்டு, ஆனால் அச்சிட இயலாத குறி ஒன்று இருந்தாலும் அது −1 என்று திருப்பும் என்பதால் விடையைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஜப்பானிய எழுத்தென்றாலே இரண்டு நெடுவரிசை என்று முடிவுகட்டவும் கூடாது. அரையகலக் கதகானா (ஜப்பானிய அசையெழுத்தின் குறுகிய வடிவம்) ஒன்றையே எடுக்கும். கொரியத்தில் ஒரே அசை ஒரு குறிப்புள்ளியாகவோ, பிரிந்த மூன்றாகவோ வரலாம். பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. எனவே எண்ணுமுன், பிரிந்தவற்றை ஒன்றாகச் சேர்க்கும் யூனிக்கோடின் என்எஃப்சி வடிவத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட பெயரை வெட்டும்போது, எல்லைக்கு ஒரு நெடுவரிசையே எஞ்சி அடுத்த எழுத்து இரண்டைக் கேட்டால், அவ்வெழுத்தை விட்டுவிட்டு ஓர் இடைவெளி வையுங்கள்.

கிரேக்க எழுத்துகளும் பெட்டி வரையும் கோடுகளும் யூனிக்கோடில் 'ஐயத்திற்குரிய அகலம்' என்ற வகையில் வருகின்றன; சில முனையங்கள் (கட்டளைச் சாளரங்கள்) அவற்றுக்கு ஒரு நெடுவரிசையும், கிழக்காசிய அமைப்பில் சில இரண்டும் ஒதுக்கும். ஒன்று என்றே கொண்டு, மாற்றுவதற்கு ஒரு தேர்வைப் பயனருக்குத் தருவதே என் பரிந்துரை. அட்டவணைக் கோடுகளுக்குச் சாதாரணச் சிறுகோட்டையும் நிலைக்கோட்டையும் பயன்படுத்தினால் இச்சிக்கலே எழாது.

இறுதி முடிவு முனையத்தினுடையது என்பதால், ஒவ்வொரு சோதனைச் சரத்தின் கீழும் நீங்கள் கணக்கிட்ட அளவுக்குப் புள்ளிகளை அச்சிட்டு, இரு வரிகளின் முடிவிலும் ஒரு நிலைக்கோட்டை இடுங்கள். கோடுகள் நேர்கீழாக நின்றால் அந்த முனையத்தில் உங்கள் கணக்கு சரி.