பள்ளி வாசலிலிருந்து வார்டு தேர்தலுக்கு: பெற்றோர் வேட்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையின் பள்ளிக்கு முன்னால் வேகத்தடை கேட்டு மனு கொடுத்தவர், எரியாத தெருவிளக்குக்காக விடாமல் போன் போட்டவர், மழைநீர் வகுப்பறை வரை வந்தபோது மோட்டாருக்கு ஏற்பாடு செய்தவர். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். "நீங்களே கவுன்சிலருக்கு நின்னா என்ன?" என்று ஒரு நாள் யாராவது அவரிடம் கேட்பார்கள். நிற்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2022-ல் தேர்வான தமிழ்நாட்டு நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது, அதனால் இதைப் பற்றி யோசிக்க இதுவே நேரம். இப்படிப்பட்டவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான்.

தேதி வரட்டும் என்று காத்திருப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2022 தேர்தலையே பாருங்கள். ஜனவரி 26 அன்று தேதி அறிவித்தார்கள். 28-ம் தேதியே வேட்புமனுத் தாக்கல் தொடங்கிவிட்டது. பிப்ரவரி 4 கடைசி நாள், 5-ல் பரிசீலனை, 7-ல் வாபஸ். பிரசாரம் 17-ம் தேதி மாலையோடு ஓய்ந்தது, 19-ல் வாக்குப்பதிவு. சுயேச்சையாக நிற்பவருக்குச் சின்னம் கிடைப்பது வாபஸ் முடிந்த பிறகுதான். அதாவது தன் சின்னம் எது என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு இருந்தது ஏறக்குறைய பத்து நாள்.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். அந்தத் தேர்தலில் வாக்காளர்கள் 61 லட்சம் பேர். சராசரியாக ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். பத்து நாளில் முப்பதாயிரம் பேரைப் பார்த்துப் பேச முடியுமா? முடியாது. அறிமுகம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். பிரசார நாட்கள் சின்னத்தைச் சொல்வதற்கு மட்டும்தான் போதும்.

அதற்காக இப்போதே நோட்டீஸ் அடித்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, வேட்புமனுக்கள் வாங்கிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புறங்களில் அடுத்த தேர்தல் 2022-ல்தான் வந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். வார்டு ஒதுக்கீடும் மாறக்கூடியது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு, அதோடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீடும் உண்டு. நீங்கள் வருடக்கணக்காக உழைத்த வார்டு உங்களால் நிற்க முடியாத வார்டாக மாறலாம். எனவே செலவைத் தள்ளிப்போடுங்கள், தெருத்தெருவாக நடப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளி வட்டாரத்தையே வார்டு என்று நினைப்பது

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர். நீங்கள் ஒரு செய்தி போட்டால் அறுபது கைகூப்பல் வரும். அதைப் பார்த்து வெற்றி உறுதி என்று நம்பிவிடுவது எளிது. ஆனால் அந்த இருநூறு பேரில் பாதிப்பேர் பக்கத்து வார்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர்களாக இருக்கலாம். வாடகை வீடு மாறி வந்தவர்களுக்குப் பழைய முகவரியிலேயே ஓட்டு இருக்கும். சிலருக்கு ஓட்டே சொந்த ஊரில்.

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தத் தெரு எந்த பாகத்தில் வருகிறது, எது உங்கள் வார்டு எல்லைக்குள், எது வெளியே என்று பேனாவால் குறியுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பட்டியல்கள் பெரிதாக மாறியிருக்கின்றன. முதலில் உங்கள் பெயர், உங்கள் வீட்டார் பெயர், உங்களுக்காக வேலை செய்யப்போகிறவர்களின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் தெருவில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க உதவுங்கள். ஓட்டு கேட்காமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இன்னொன்று. வார்டில் பள்ளிப் பிள்ளை இல்லாத வீடுகள்தான் அதிகம் இருக்கும். தனியாக வாழும் முதியவர்கள், கல்யாணமாகாத பையன்கள் தங்கியிருக்கும் மாடி அறைகள், காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவர்கள். "பள்ளிக்குப் பாதுகாப்பான பாதை" என்பது அவர்களுக்கு உங்கள் வீட்டுப் பிரச்சினையாகத்தான் கேட்கும். அதே நடைபாதைதான் மூட்டு வலியோடு ரேஷன் கடைக்குப் போகும் பாட்டிக்கும் தேவை. பாட்டியிடம் பேசும்போது பாட்டியின் நடையிலிருந்து தொடங்குங்கள்.

கவுன்சிலரால் செய்ய முடியாததை வாக்குக் கொடுப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். நல்ல மனசோடு வருகிறவர்கள் மக்களின் நம்பிக்கையை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தெருவிளக்கு, குப்பை அகற்றுவது, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, பொதுக் கழிப்பறை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மாநகராட்சி அல்லது நகராட்சிப் பள்ளிக் கட்டடம், சொத்து வரி: இவை மன்றத்தின் கைக்குள் வருபவை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது. போக்குவரத்து சிக்னலுக்குக் காவல்துறையிடம் போக வேண்டும். பள்ளிக்கு முன்னால் போகும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால், அங்கே வேகத்தடை போட மன்றத்தில் தீர்மானம் போட்டாலும் வேலை நடக்க அந்தத் துறை சம்மதிக்க வேண்டும். ஆகவே "பள்ளி முன்னால் வேகத்தடை போடுவேன்" என்று சொல்வதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று விசாரித்துவிடுங்கள். பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், சொல்லவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

பெற்றோராக இருப்பதால் உங்களுக்கு இன்னும் இரண்டு ஆசைகள் வரும். தனியார் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பேன் என்று சொல்லத் தோன்றும். அதற்கென்று 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, கவுன்சிலருக்கு அதில் வேலை இல்லை. அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் கொண்டுவருவேன் என்று சொல்லத் தோன்றும். நியமனம் பள்ளிக்கல்வித் துறையுடையது.

ஆனால் கவுன்சிலருக்கு உண்மையிலேயே இருக்கும் ஒரு வாய்ப்பை யாருமே பேசுவதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. பெற்றோராக அந்தக் குழுவில் உட்கார்ந்தவர் நாளைக்குக் கவுன்சிலராகவும் உட்கார்ந்தால், கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும் என்ற தீர்மானம் குழுவின் நோட்டிலேயே கிடக்காமல் மன்றக் கூட்டத்துக்குப் போகும். அதேபோல 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை மாதிரி, வார்டுக்குள் மக்கள் நேரடியாகப் பேசும் இடம். "பகுதி சபையை ஒழுங்காகக் கூட்டுவேன், எடுத்த முடிவு என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் சொல்வேன்" என்பது சின்ன வாக்குறுதியாகத் தெரியலாம். உங்களால் முழுசாகக் காப்பாற்ற முடிகிற வாக்குறுதி அது. சொல்லுங்கள்.

வேட்புமனுவில் கோட்டை விடுவது

வேட்பாளரின் பெயர் அந்த மாநகராட்சி அல்லது நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டு வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். நெருங்கிய சிநேகிதர் என்று பக்கத்து வார்டுக்காரரைக் கூட்டிப்போனால் மனு நிற்காது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கி எதுவும் வைக்காதீர்கள், கட்டிய ரசீதுகளைத் தனி ஃபைலில் போடுங்கள். அந்த உள்ளாட்சியிடம் ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலும் சிக்கல்.

மனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கடன் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் போட்ட வழக்கானாலும் எழுதிவிடுங்கள். மக்கள் அதைப் புரிந்துகொள்வார்கள், மறைத்ததைத்தான் மன்னிக்க மாட்டார்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ள இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கட்சியா, சுயேச்சையா?

2022-ல் சென்னையின் 200 வார்டுகளில் சுயேச்சைகள் ஜெயித்தது ஐந்தில். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். கட்சி சின்னத்துக்கு அறிமுகம் தேவையில்லை, பூத்துக்கு ஆள் இருக்கும். ஆனால் சீட் வேறொருவருக்குப் போய்விடும் அபாயம் கடைசி நிமிடம் வரை உண்டு. மேயரைத் தேர்ந்தெடுப்பதும் கவுன்சிலர்கள்தான், அதனால் கட்சி உங்கள் ஓட்டை எதிர்பார்க்கும். பேரூராட்சி, சிறிய நகராட்சி வார்டுகளில் கதை வேறு. அங்கே வாக்காளர் எண்ணிக்கை குறைவு, ஆளைத் தெரிந்து ஓட்டுப் போடுகிறார்கள், சில வாக்குகளில் முடிவு மாறுகிறது. அங்கே ஒரு பெற்றோர் சுயேச்சையாக நின்று ஜெயிப்பது நடக்கக்கூடியதுதான். பெருநகரத்தில் சுயேச்சையாக நிற்பதானால் வார்டில் ஏற்கனவே வேரூன்றிய குடியிருப்போர் சங்கங்களின் துணை இல்லாமல் இறங்காதீர்கள்.

பிள்ளைகளையும் பள்ளியையும் இழுப்பது

பிள்ளையின் கையில் நோட்டீஸைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புவது பார்க்க அழகாக இருக்கலாம். செய்யாதீர்கள். 2024 பிப்ரவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம் குழந்தைகளைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், குழந்தைகள் நலனுக்காக நிற்கிறேன் என்பவர் இதில் விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தோற்றால் வகுப்பில் கேலி கேட்பதும் பிள்ளைதான்.

பள்ளி வளாகம், வகுப்பு வாட்ஸ்அப் குழு, மேலாண்மைக் குழுக் கூட்டம் மூன்றையும் பிரசாரத்துக்குத் தொடாதீர்கள். தலைமையாசிரியர் அரசு ஊழியர். அவரோடு எடுத்த படத்தை நோட்டீஸில் போட்டால் அவர் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். வேறு கட்சிக்கார அம்மா ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார், அவர் பிள்ளையும் அதே வகுப்பில்தான் படிக்கும்.

பெண் வேட்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸில் கணவர் படம் பெரிதாக, உங்கள் படம் ஓரமாக வர விடாதீர்கள். பிரசாரத்தில் மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டுக் கை கூப்பி நின்றால், ஜெயித்த பிறகு அதிகாரிகளும் அவரிடமே பேசுவார்கள். வீட்டு வேலையும் பிள்ளைப் படிப்பும் அந்தப் பத்து நாளில் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கணவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பணம்

2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. செலவு உச்சவரம்பு சென்னையில் 90,000, பேரூராட்சி வார்டில் 17,000. அடுத்த தேர்தலுக்கு ஆணையம் என்ன தொகை அறிவிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிராளி ஓட்டுக்குப் பணம் கொடுப்பார் என்று பயந்து நகையை அடகு வைப்பவர்கள் உண்டு. அந்தப் பந்தயத்தில் இறங்கவே கூடாது. அது குற்றம் என்பது ஒரு பக்கம். போட்ட பணத்தை எடுக்க வேண்டிய நிலையில் மன்றத்துக்குப் போகிறவர் வடிகால் ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்க மாட்டார். 2023-ல் அறிவித்தபடி மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். கடன் வாங்கிச் செலவழித்த பணம் அதில் திரும்பாது. இருக்கும் காசை பூத் ஏஜென்ட்களின் சாப்பாட்டுக்கு வையுங்கள். சென்னை வார்டு என்றால் முப்பது பூத்தை ஒட்டி வரும். காலை முதல் மாலை வரை உட்கார ஆள் இல்லாத பூத்தில் உங்கள் பக்கம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வாங்கித் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்கத் தவறினால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம். முதல் முறை தோற்றவர்கள் பலர் மனம் விட்டுப்போய் இந்த ஒரு வேலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். வாக்கு எண்ணும் நாளுக்கு முன்பே வீட்டில் ஒருவரிடம் அந்த நோட்டையும் பில்களையும் பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.