சுவரில் படர்ந்து முற்றிய கொடியை அகற்றுவது எப்படி?

நர்சரிகளில் ‘வால் கிரீப்பர்’ என்று விற்கப்படும் அத்தி இனக் கொடி, சிற்றிலைகளோடு சுவரை ஒட்டிப் படரும் வரை அழகாகவே இருக்கும். இலைகள் பெரிதாகித் தடித்து, கிளைகள் முற்றிச் சுவரைவிட்டு வெளியே நீளத் தொடங்கிவிட்டால், கத்தரித்துச் சமாளிக்கும் கட்டம் கடந்துவிட்டது என்று பொருள்.

பச்சையாக இருக்கும்போதே பிடித்து இழுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன், ஒரு முழக் கொடியோடு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து வந்து செங்கல் தெரிந்தது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் சேதம் இன்னும் அதிகமாகும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை, மாசியில் வேலையைத் தொடங்குவது நல்லது. முதலில் நீண்ட கழியால் கொடியைத் தட்டிப் பார்த்து, குளவிக்கூடோ பாம்போ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மின்கம்பிகளைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும். வெட்டுமிடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரலாம் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

தரையை ஒட்டியுள்ள தண்டுகள் அனைத்தையும், ஒன்றுகூட விடாமல், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரங்கள் காத்திருங்கள். மற்ற இடங்கள் வாடிய பிறகும் ஏதாவது ஒரு பகுதி மட்டும் பசுமையாகவே இருந்தால், அது சுவர் விரிசலிலோ சன்ஷேடின் மேல் சேர்ந்த மண்ணிலோ தனியாக வேர்விட்டிருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துவைத்துப் பின்னர் வேரோடு எடுக்க வேண்டும்.

இலை வாடி, தண்டு இன்னும் வளையும் பதத்தில் இருப்பதே அகற்றுவதற்கு ஏற்ற நேரம். முழுக்கக் காய்ந்துவிட்டால் கொடி துண்டு துண்டாக ஒடிந்து வேலையை இரட்டிப்பாக்கும். மேலிருந்து கீழாக, சிறு சிறு பகுதிகளாக வெட்டி, பட்டி பார்க்கும் தகட்டைக் கொடிக்கும் சுவருக்கும் இடையே நுழைத்து நெம்பி எடுங்கள். மாடி உயரத்துக்கு ஏணியை நம்பாமல் சாரம் கட்டுங்கள்.

கொடி போன பிறகும் மரவட்டையின் கால்களைப் போல வரிசை வரிசையாகப் பழுப்பு வேர்த்தடங்கள் சுவரில் மிஞ்சும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பகுதி உதிரும். ஆசிட் ஊற்றுவதும், காரைச் சுவரில் கம்பி பிரஷ் போடுவதும் வேண்டாம். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ‘டொக்’கென்று உள்ளீடற்ற ஓசை வரும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். காரைச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும். சிமென்ட் பூச்சு என்றால் 7 நாள் தண்ணீர் விட்டு, 28 நாளாவது உலரவிட்ட பிறகே பிரைமர் அடியுங்கள்.

அடித்தூரைக் கொல்லப் பெருங்காயம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கடப்பாரையால் தோண்டி எடுப்பதையே நான் நம்புவேன். வெட்டிய பச்சைத் துண்டுகள் ஈர மண்ணில் கிடந்தால் மறுபடி வேர்விடும் என்பதால், அவற்றை நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.