பார்சிலோனாவில் கௌடியின் கட்டடங்கள்: எதை முதலில் பார்ப்பது?

பார்சிலோனாவில் இறங்கியதும் பலரும் முதலில் ஓடுவது சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்குத்தான். நீங்கள் அதைக் கடைசிக்கு வையுங்கள். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியின் யோசனை கொஞ்சம் பிடிபட்ட பிறகு போனால், அங்கே பார்க்க இன்னும் நிறைய இருக்கும். இரண்டு நாள் போதும்.

1. நேரம் குறித்த டிக்கெட்டுகளை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். தேவாலயத்துக்கு மட்டும் பிற்பகல் நேரமாகப் பார்த்து எடுங்கள்.

2. முதல் நாள் காலை காசா மிலா. 1906 முதல் 1912 வரை கட்டிய குடியிருப்பு. மொட்டைமாடிப் புகைபோக்கிகளைப் படம் எடுத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண்தளத்தில் 270 செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் பாடமே அங்கேதான். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாகவே ஒரு வளைவாக நிற்கும் அல்லவா? அதே வளைவைத் தலைகீழாக்கிச் செங்கலில் கட்டினால் பாரம் முழுவதும் வளைவோடு வழிந்து தரைக்கு இறங்கிவிடும். கௌடி தொங்கும் மாதிரிகளைச் செய்து பார்த்தே வடிவங்களைக் கண்டுபிடித்தார். அப்படி ஒரு மாதிரி அங்கே இருக்கிறது. கைபேசியில் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கட்டடம் தெரியும்.

3. அதே பசேச் தெ கிராசியா தெருவில் பத்து நிமிடம் நடந்தால் காசா பாட்யோ. உள்ளே நடுமுற்றத்துச் சுவரைக் கவனியுங்கள். மேலே அடர்நீல ஓடுகள், கீழே வர வர வெளிர்நீலம். சன்னல்களும் கீழே போகப் போகப் பெரிதாகின்றன. வெயில் எட்டாத கீழ்வீட்டுக்கும் வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்ற அக்கறை அது.

4. மறுநாள் காலை பார்க் குவேல். மேடு ஏற வேண்டும், நல்ல செருப்பு அவசியம். உடைந்த ஓட்டுச்சில்லுகள் பதித்த வளைந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, கீழே தூண் மண்டபத்துக்கு இறங்குங்கள். மேல் திடலில் பெய்யும் மழைநீர் அந்தத் தூண்களுக்குள் இறங்கித் தொட்டியில் சேரும்படி அமைத்திருக்கிறார்.

5. அப்புறம் சக்ராதா ஃபமீலியா. மெட்ரோ வாசலருகிலேயே விடும். 1882இல் தொடங்கிய பணியை மறு ஆண்டு கௌடி ஏற்றார். 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை விடவில்லை. அவரை அடக்கம் செய்ததும் இங்குள்ள நிலவறையில்தான். உள்ளே தூண்கள் மரம்போல் கிளை பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. பிற்பகல் வெயில் மேற்குச் சன்னல்களின் சிவப்பு, ஆரஞ்சுக் கண்ணாடி வழியே அந்தத் தூண்கள்மேல் விழும். அதற்காகத்தான் பிற்பகல் டிக்கெட்.