நாலு மாதமாக அசையாத 34 நிமிடம்

பிப்ரவரியில் ஐந்து கிலோமீட்டர் ஓட எனக்கு 34 நிமிடம் ஆனது. மே மாதக் கடைசியிலும் அதே 34தான். எடை 84 கிலோவிலிருந்து 78க்கு இறங்கி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அலாரம் அடித்தால், இன்றைக்காவது மழை வந்து தொலையாதா என்று ஜன்னலைப் பார்க்கிற நிலைமை. வாரம் ஐந்து நாள் போதாதோ என்று ஆறாவது நாளையும் சேர்த்தேன். முழங்கால் வலிதான் மிச்சம்.

ஓடிக்கொண்டிருந்து நடுவில் தேங்கிப்போனவர்களுக்கு, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்

தூரம் பாதி, நாட்கள் பாதி. உடம்பு பலப்படுவது ஓய்வில்தான், ஓடும்போது அல்ல. இப்போதும் நாலு வாரத்துக்கு ஒரு வாரம் இப்படி விடுகிறேன்.

இரண்டாம் படி: மெதுவாக ஓடுங்கள்

இங்கேதான் மூன்று வாரம் வழுக்கினேன். கேட்கச் சுலபம், செய்து பாருங்கள் தெரியும்.

தென்மலையில் வேலை பார்க்கிற என் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்தான். ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, "என்னத்தான், நாய் துரத்துன மாதிரி ஓடுதீய? ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்" என்றான். ஏழேழு நாற்பத்தொன்பதில் மூச்சு அடைத்தது. அவனோ வாய்ப்பாட்டை முடித்து, ஆரியங்காவு வழியாக வந்த பஸ்ஸில் நடந்த சண்டையையும் சொல்லி முடித்தான்.

அப்போதுதான் புரிந்தது. நான் தினமும் ஓடிய வேகம் இரண்டுங்கெட்டான் வேகம். உடம்பு தேறி எழ முடியாத அளவுக்குக் கடினம், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாத அளவுக்குச் சுலபம். ஒரே சுமையைத் தினமும் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகி நின்றுவிடும்.

அதனால் அளவு இதுதான்: ஒரு முழு வாக்கியம் திக்காமல் பேச வர வேண்டும். வரவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் நடங்கள். பக்கத்தில் நடந்து போகிற பெரியவர் உங்களைத் தாண்டுவார், தாண்டட்டும். எனக்கு அந்த வெட்கம் போகவே இரண்டு வாரம் ஆனது. கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி மேஜை டிராயரில் போட்ட பிறகுதான் வேகம் உண்மையில் குறைந்தது. என்னைக் கேட்டால், முதல் ஆறு வாரத்துக்கு வாட்ச்சே வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நோட்டுப்புத்தகமும் பேனாவும் போதும்.

மூன்றாம் படி: வாரத்தில் ஒரே ஒரு நாள் ஏற்றம்

செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணைக்குப் போகிற வழியில் நல்ல ஏற்றம் ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடம் மூச்சு முட்ட ஏறுவேன், நடந்தே இறங்குவேன். முதலில் நாலு தடவை, இப்போது எட்டு. இறங்கும்போது ஓடாதீர்கள். என் முழங்கால் கெட்டதே அதில்தான். புளியரை தாண்டி கோட்டைவாசல் ஏறுகிற வளைவுகள் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கேரளா போகிற லாரிகள் திரும்புகிற இடம் அது, அங்கே வேண்டாம்.

நான்காம் படி: கனம்

வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி. எட்டு எட்டாக மூன்று சுற்று. பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல், இறங்குவதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும். தம்புள்ஸைவிட எனக்குக் கர்லாக்கட்டைதான் பிடிக்கும், சுற்றும்போது அலுப்பே வராது. லேசான கட்டையில் தொடங்குங்கள். வீரம் காட்டி எடுத்தவுடன் பெரிய கட்டையைத் தூக்கினால் தோள்பட்டை பழிவாங்கும்.

எடை பற்றிக் கொஞ்சம்

84 கிலோ உடம்பை இளைக்க வைத்த அதே சாப்பாடு, 78 கிலோ உடம்பை அப்படியே வைத்திருக்கும். சின்ன உடம்புக்குத் தேவையும் குறைவு. நான் இரவில் ஒரு தோசையைக் குறைத்து, காலையில் இரண்டு முட்டை சேர்த்தேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை ஆகாதவர்களுக்குச் சுண்டல் இருக்கிறது. பார்டர் பரோட்டாவை விடவில்லை, மாதம் இரண்டு தடவை என்று ஆக்கிக்கொண்டேன். மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டும். பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். ஏழு நாள் சராசரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

ஏழாவது வாரம் வாட்ச்சை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். 31 நிமிடம் 40 விநாடி. எடை 76.5.

பின்னர் சேர்த்தது: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒருவர், வெறும் வயிற்றில் ஏற்றம் ஓடியதும் கை நடுங்கியது என்று எழுதியிருந்தார். சர்க்கரை இறங்கியிருக்கலாம். டாக்டரிடம் கேட்காமல் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள், பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும்.

இன்னொன்று: சாரல் மாதங்களில் ஷூ காயவே மாட்டேன் என்கிறது என்று மூன்று பேர் புலம்பியிருந்தார்கள். உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது நனைந்திருக்கும், மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். என் பழைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு வந்தது அப்படித்தான்.