புது மெத்தை வந்த அன்றே அதில் படுக்காதீர்கள்

என் மகளுக்கு வீசிங் உண்டு. அவளுக்காக வாங்கிய மெமரி ஃபோம் மெத்தை ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக்கை வெட்டியதும் அது மெல்ல உப்பி எழுந்ததைப் பார்த்தவள், இன்றைக்கே இதில்தான் படுப்பேன் என்றாள். நானும் சம்மதித்து, ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டேன். இரவு 2 மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலை விண்ணென்று வலித்தது. அறை முழுக்கப் பெயிண்ட் கலந்த மாதிரி ஒரு நெடி.

இந்த வகை ஃபோம் என்பது பாலியூரிதேன். அதைச் செய்யப் பயன்படும் ஐசோசயனேட் நச்சுப் பொருள்தான். ஆனால் வினை முடிந்து இறுகிய ஃபோமில் அது அநேகமாக மிஞ்சுவதில்லை. நம் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் வினையூக்கி, பசை போன்றவற்றிலிருந்து கசியும், எளிதில் ஆவியாகும் பொருட்கள். சுருட்டி இறுக்கிக் கட்டியதால் வெளியேற வழியில்லாமல் கிடந்தவை, பிரித்ததும் மொத்தமாகக் கிளம்புகின்றன. முதல் சில நாட்களில்தான் வேகம் அதிகம்.

அதனால் யாரும் தூங்காத அறையில் பிரியுங்கள். பிளாஸ்டிக் முழுவதையும் எடுத்துவிடுங்கள். நன்றாக உப்பிய பிறகு சுவரில் சாய்த்து நிறுத்தினால் இரண்டு பக்கமும் காற்று படும். ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும், அதுதான் முக்கியம். சாதாரண வீட்டு ஏசி இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடும். அன்று நான் செய்த தவறு அதுதான். குறைந்தது 3 நாள் விடுங்கள். நாங்கள் 5 நாள் விட்டோம்.

வெயிலில் போடாதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிரும், லேடெக்ஸ் என்னும் ரப்பர் மெத்தை விறைத்துப்போகும். ரூம் ஸ்ப்ரே அடித்தால் இன்னொரு ரசாயனம் சேரும், அவ்வளவுதான். ஓசோன் கருவி வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலை அரிக்கும். காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால் அதில் ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கிறதா பாருங்கள். ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

நெடி போய்விட்டதா என்று பார்க்க, அறையை 2 மணி நேரம் மூடி வைத்துவிட்டு, வெளியே போய்வந்த ஒருவரை முகரச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பவர் மூக்கு பழகிவிடும்.

நெடி இல்லை என்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. ஃபார்மால்டிஹைடு குறைந்த அளவில் இருந்தால் மூக்குக்கே தெரியாது. அதனால் அடுத்த முறை வாங்கும்போது லேபிளைப் படித்தேன். ஃபோமில் உள்ள ரசாயனங்களைச் சோதித்துத் தரும் செர்ட்டிபியூர் சான்று ஃபோமுக்கு மட்டும்தான், மேல்துணிக்கும் பசைக்கும் அது பொருந்தாது. துணி வகைகளில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று இருந்தால் எந்த வகுப்பு என்று கேளுங்கள். 3 வயது வரையிலான குழந்தைகளுக்கான முதல் வகுப்பே மிகக் கண்டிப்பானது. லேபிளில் உள்ள சான்று எண்ணை ஓகோ-டெக்ஸ் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இயற்கை லேடெக்ஸிலும் ரப்பர் வாடை வரும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

உறையில் ஜிப் இருக்கிறதே என்று கழற்றித் துவைக்கப் போகாதீர்கள். தீத்தடுப்புக்காகச் சில மெத்தைகளின் உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். அது வெளிவந்தால் தோலையும் கண்ணையும் உறுத்தும், வீடு முழுக்கப் பரவும். கழற்றலாம் என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே கழற்றுங்கள்.

இரண்டு மூன்று வாரம் காற்றாட விட்டும் கண் எரிச்சலோ தலைவலியோ தொடர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை பில்லையும் லேபிளையும் பத்திரமாக வையுங்கள். மூச்சு இழுத்தால் மருத்துவரிடம் போக ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். வருகிற வாடை ஈரச் சாக்கு மாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதற்கு எத்தனை நாள் ஃபேன் போட்டாலும் பயனில்லை, அந்த மெத்தையை அன்றே திருப்பி அனுப்புங்கள்.